டிரெய்லரின் பின்பம்பரில் ஸ்டெப்னி தாங்கி: விரிசல் விட்ட பிறகு என்ன செய்வது?

கோபி வாய்க்கால்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் சொல்லிச் சிறிய பயண டிரெய்லர் ஒன்றைக் கட்டி வாங்கினேன். ஒரே அச்சு, இரண்டு சக்கரம். உள்ளே இருவர் படுக்கலாம், பின்பக்கக் கதவைத் தூக்கினால் சமையல் மேடை. தண்ணீர், அடுப்பு, படுக்கை எல்லாம் ஏற்றிய பிறகு எடை மேடையில் 950 கிலோ காட்டியது. ஜீப்பில் பூட்டிக்கொண்டு சத்தியமங்கலம், பண்ணாரி வழியாகத் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஆசனூர் வரை மூன்று முறை போய்வந்திருக்கிறேன்.

ஸ்டெப்னியைப் பின்பம்பரில்தான் மாட்டியிருந்தார்கள். பம்பர் என்பது 75 மி.மீ. சதுரக்குழாய், சுவரின் கனம் 2 மி.மீ. மட்டுமே. அதன் மேல் இரண்டு யூ போல்ட் போட்டு ஒரு தாங்கியை நிறுத்தி, அதில் சக்கரத்தை மூன்று நட்டுகளால் பூட்டியிருக்கிறார்கள். சென்ற வாரம் வண்டியைக் கழுவும்போது பம்பரின் இடது முனை சேஸிஸோடு சேரும் பற்றவைப்பில், ஒரு விரல் நீளத்துக்குத் துருக்கோடு ஒன்று தெரிந்தது. துணியால் துடைத்துப் பார்த்தேன். அது துரு அல்ல, விரிசல். இன்னும் இரண்டு பயணம் போயிருந்தால் பம்பரும் சக்கரமும் சேர்ந்து பின்னால் வருகிறவர் மேல் விழுந்திருக்கும் என்று நினைக்கவே உடல் நடுங்குகிறது.

மறுபடி பற்றவைத்து, மேலே ஒரு தகடு ஒட்டினால் போதுமா? அல்லது ஸ்டெப்னியின் இடத்தையே மாற்ற வேண்டுமா? இதோடு தொடர்புண்டா என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ஆடி மாதம் பல்லடத்திலிருந்து தாராபுரம் போகும்போது மணிக்கு 70 கிலோமீட்டரைத் தாண்டினாலே டிரெய்லர் வாலாட்டியது. காற்றின் வேலை என்று எண்ணி வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

திருச்செங்கோடு ரிக்வண்டி எழுதியது:

தம்பி, முதலில் அந்தச் சக்கரத்தைக் கழற்றி டிரெய்லருக்குள் அச்சுக்கு மேலாகப் படுக்கவைத்துக் கட்டுங்கள். முடிவு எடுக்கும் வரை பின்பம்பரில் எதையும் தொங்கவிட வேண்டாம். போர்வெல் வண்டியில் 18 ஆண்டுகள் ஓடியவன் சொல்கிறேன்: விரிசல் கண்ட இடத்தின் மேலேயே பற்றவைத்தால் அடுத்த விரிசல் அதன் ஓரத்திலிருந்து கிளம்பும்.

கோவை பட்டறைக்காரி எழுதியது:

நான் கணபதியில் இரும்புக் கட்டுமானப் பட்டறை வைத்திருக்கிறேன். டிரெய்லர் சேஸிஸ்கள் சில செய்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

உங்கள் விரிசலுக்குப் பற்றவைத்தவரின் கையை மட்டும் குறைசொல்ல முடியாது. கணக்கைப் பாருங்கள். சக்கரம் 17 கிலோ, தாங்கி 7 கிலோ என்று வைத்தால் மொத்தம் 24 கிலோ. இந்தப் பாரம் பம்பர்க் குழாயின் நடுவிலிருந்து 28 சென்டிமீட்டர் பின்தள்ளி நிற்கிறது. வண்டி நிற்கும்போது அது குழாயைக் கீழ்நோக்கி அழுத்துவதோடு, துணி பிழிவதுபோல முறுக்கவும் செய்கிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும் நொடியில் அதே 24 கிலோ மூன்று மடங்காக, 72 கிலோவாகச் செயல்படும் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. அப்படியானால் குழாயின் மேல் விழும் முறுக்கு, ஒரு மீட்டர் நீளக் கம்பியின் முனையில் ஏறக்குறைய 20 கிலோ தொங்குவதற்குச் சமம். இது ஒருமுறை வந்து போவது அல்ல. நம் ஊர்ச் சாலைகளில் 100 கிலோமீட்டருக்குள் எத்தனை வேகத்தடைகள், எத்தனை குழிகள் என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு முறையும் முறுக்கு ஏறி இறங்கும்போது, 2 மி.மீ. தகட்டின் பற்றவைப்பு ஓரம் கொஞ்சம் கொஞ்சமாகக் களைத்துக்கொண்டே வரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பதும் இதுவும் ஒன்றே.

ஆகவே மேலே தகடு ஒட்டுவது தீர்வாகாது. தகடு முடியும் இடத்தில் புதிதாக ஒரு விறைப்பு எல்லை உண்டாகி, விரிசல் அங்கே இடம்மாறும். பம்பர் என்பது முட்டுத் தாங்குவதற்கும் விளக்கு மாட்டுவதற்குமான உறுப்பு. பாரம் தாங்கும் உறுப்பு சேஸிஸின் நீளச் சட்டம். பின்னால்தான் ஸ்டெப்னி வேண்டும் என்றால், 50 மி.மீ. சதுரக்குழாயில் 4 மி.மீ. கனமுள்ள இரண்டு கைகளைச் செய்து, ஒவ்வொன்றையும் நீளச் சட்டத்தோடு குறைந்தது 40 சென்டிமீட்டர் ஒட்டி ஓடவிட்டு, 12 மி.மீ. விட்டமும் 8.8 தரமும் உள்ள போல்ட்டுகளால் பூட்ட வேண்டும். துளையைச் சட்டத்தின் நடு உயரத்தில் போடுங்கள். மேல்விளிம்பிலும் அடிவிளிம்பிலும்தான் இழுப்பும் அழுத்தமும் உச்சத்தில் இருக்கும். அங்கே துளையிடுவதும், குறுக்காகப் பற்றவைப்பதும் சட்டத்தின் உயிர்நாடியை வெட்டுவதற்குச் சமம். சட்டம் குழாயாக இருந்தால் போல்ட் போகும் வழியில் உள்ளே ஒரு குறுங்குழாயை வைக்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் நட்டை இறுக்க இறுக்கக் குழாய் நசுங்கும். நசுங்கிய குழாயில் எந்த நட்டும் நிலைக்காது.

இருக்கும் விரிசலை அப்படியே விட்டுவிடக் கூடாது. அதன் இரு நுனிகளையும் கண்டுபிடித்து, நுனியில் 3 மி.மீ. துளையிட்டு நிறுத்தி, கோட்டை முழுவதும் கிரைண்டரால் தோண்டியெடுத்த பிறகே பற்றவைக்க வேண்டும். ஜிங்க் பூச்சுள்ள இரும்பென்றால் பூச்சை முதலில் தேய்த்து நீக்குங்கள். அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். எங்கள் பட்டறையில் ஒரு பையன் அப்படி அவதிப்பட்டிருக்கிறான். வேலை தொடங்குமுன் ஜீப்பிலிருந்து டிரெய்லரைப் பிரித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றி, எரிவாயு உருளையை வெளியே எடுத்து வையுங்கள்.

கோபி வாய்க்கால்கரை எழுதியது:

அக்கா, இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு டிரெய்லரை அளந்தேன். அச்சிலிருந்து ஹிட்ச் குண்டு (டிரெய்லரை ஜீப்போடு பூட்டும் இடம்) வரை 3.2 மீட்டர், அச்சிலிருந்து ஸ்டெப்னி வரை பின்பக்கம் 2.1 மீட்டர். நீளச் சட்டம் 100 மி.மீ. சி-சேனல்தான். கைகளைப் பூட்ட இடம் இருக்கிறது.

காங்கேயம் தோட்டத்துக்காரர் எழுதியது:

எனக்கு வயது 71. டிரெய்லரைப் பற்றி அதிகம் தெரியாது. மாட்டு வண்டியைப் பற்றித் தெரியும். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வாலாட்டம்தான் என் கண்ணில் முதலில் பட்டது.

வண்டியில் மூட்டை ஏற்றும்போது எங்கள் அப்பா மூட்டையை எண்ண மாட்டார், பாரம் எங்கே உட்காருகிறது என்றுதான் பார்ப்பார். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி காளைகளின் கழுத்தை அமுக்கும், நடை தளரும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். பூட்டாங்கயிறு கழுத்தை நெரிக்கும். மேட்டில் ஏறும்போது வண்டி குடைசாயப் பார்க்கும். கொஞ்சம் முன்பாரமாக இருப்பதுதான் சரியான வண்டி. உங்கள் ஜீப்பும் டிரெய்லரும் இதே விதிக்குக் கட்டுப்பட்டவைதானே? பின்கோடியில் ஸ்டெப்னி, அதற்கு முன்னால் சமையல் மேடை, தண்ணீர். நுகம் தூக்குகிறது என்று தோன்றுகிறது. ஹிட்ச்சில் எத்தனை கிலோ இறங்குகிறது என்று அளந்து பார்த்தீர்களா?

கோவை பட்டறைக்காரி எழுதியது:

ஐயா சொன்னதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும். இரும்பைப் பார்த்ததில் பாரத்தைப் பார்க்கத் தவறிவிட்டேன்.

24 கிலோவை 2.1 ஆல் பெருக்கி 3.2 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 16. உங்கள் ஸ்டெப்னி மட்டுமே ஹிட்ச்சிலிருந்து 16 கிலோவைத் தூக்கிவிடுகிறது. தண்ணீர்க் கலன் எங்கே இருக்கிறது, எத்தனை லிட்டர்?

கோபி வாய்க்கால்கரை எழுதியது:

40 லிட்டர். சமையல் மேடைக்கு அடியில், அச்சுக்கு 1.6 மீட்டர் பின்னால் இருக்கிறது. அப்படியானால் அதுவும் ஒரு 20 கிலோவைத் தூக்குகிறது, இல்லையா? நாளை கொப்பரை வியாபாரம் செய்யும் நண்பரின் மேடைத் தராசைக் கொண்டுவந்து அளக்கிறேன்.

ஹூஸ்டன் ஈரோட்டுக்காரன் எழுதியது:

ஈரோட்டில் பிறந்து இப்போது டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே பயண டிரெய்லர் வைத்திருப்பவர்கள் ஏராளம். உங்களுக்கு வந்த சிக்கல் இவர்களுக்கும் பழக்கமானதே. இங்கே பல டிரெய்லர்களின் பின்பம்பர் 4 அங்குலச் சதுரக்குழாயாக இருக்கும். கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொள்வதற்காக அதை வெற்றுக் குழாயாக விட்டிருப்பார்கள்; தகடு மெல்லியதுதான். அதில் ஸ்டெப்னியோடு நிறுத்தாமல் சைக்கிள் தாங்கியையும் சேர்த்து மாட்டிப் பற்றவைப்பு அறுந்தவர்கள் உண்டு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் பம்பரின் இரு முனைகளிலிருந்தும் சேஸிஸ் சட்டத்துக்கு உறுதியான ஆதரவுக் கட்டைகளைப் போல்ட் போட்டுப் பூட்டுகிறார்கள். சிலர் அதற்கும் மேலாகச் சங்கிலி ஒன்றைப் போட்டு, பம்பர் அறுந்தாலும் தரையில் விழாதபடி செய்கிறார்கள்.

ஹிட்ச் பாரத்தைப் பொறுத்தவரை இங்கே டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு என்பது வழக்கமான அளவு. ஐரோப்பாவில் 5 முதல் 7 விழுக்காட்டில் ஓட்டுகிறார்கள், ஆனால் அங்கே டிரெய்லரின் அமைப்பும் வேகமும் வேறு. உங்களுடையதுக்கு 95 கிலோவுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வது நல்லது. ஜீப்பின் ஹிட்ச் எவ்வளவு தாங்கும் என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கோபி வாய்க்கால்கரை எழுதியது:

அளந்துவிட்டேன். சமதரையில் நிறுத்தி, ஹிட்ச் வழக்கமாக நிற்கும் உயரத்துக்குக் கட்டை கொடுத்துத் தராசில் இறக்கினேன். பின்னால் ஸ்டெப்னி மாட்டி, தண்ணீர் நிரப்பிய நிலையில் 54 கிலோ. மொத்த எடையில் 6 விழுக்காடுகூட இல்லை. காற்றின் மேல் பழிபோட்டு இத்தனை நாள் குடும்பத்தோடு ஓட்டியிருக்கிறேன். காங்கேயம் ஐயாவுக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இனி பின்பக்கம் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். முன்னால் ஹிட்ச்சை நோக்கிக் கூம்பும் ஏ வடிவச் சட்டத்தில் மாட்டுவதா, லாரியில் இருப்பதுபோல அடியில் தொங்கவிடுவதா என்பதுதான் இப்போதைய கேள்வி.

சங்ககிரி ஓட்டுநர் எழுதியது:

என் ஓட்டு அடிப்பக்கத்துக்கு. அச்சுக்கு முன்னால், இரண்டு நீளச் சட்டங்களுக்கு நடுவில், சங்கிலியும் சுருட்டியும் வைத்துக் கட்டினால் பாரம் தாழ்வாக இருக்கும். காற்றுக்கும் கண்ணுக்கும் படாது. லாரிகள் காலங்காலமாக ஓடும் முறை அதுதான்.

கோவை பட்டறைக்காரி எழுதியது:

அண்ணா, லாரிக்கு அது சரி. இந்த டிரெய்லரின் அடிப்பாகம் தரையிலிருந்து ஓர் அடிக்குச் சற்று மேலே இருக்கிறது. அதில் சக்கரம் படுத்தால் மிஞ்சும் இடைவெளி வேகத்தடைக்குப் போதாது. இன்னொன்று: டயர் பஞ்சராகிப் பக்கவாட்டில் சாய்ந்த வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டெப்னியை உருவ வேண்டிவரும்.

முன்பக்கத்துக்கான கணக்கைச் சொல்கிறேன். அச்சுக்கு 2.5 மீட்டர் முன்னால் மாட்டினால் ஹிட்ச்சில் 19 கிலோ ஏறும். பின்னால் தூக்கிக்கொண்டிருந்த 16 கிலோவும் இல்லாமல் போவதால் மொத்த மாற்றம் ஏறக்குறைய 35 கிலோ. தண்ணீர்க் கலனை அச்சுக்கு நேர் மேலே நகர்த்தினால் இன்னும் 20. ஆக 54 என்பது 109 ஆகும். அது 11 விழுக்காட்டுக்கு மேல். வாலாட்டத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. டிரெய்லர் ஆடுவது ஹிட்ச் குண்டை மையமாக வைத்து. பின்னால் இருந்த சக்கரம் அந்த மையத்திலிருந்து 5.3 மீட்டர் தள்ளி இருந்தது. முன்னால் வந்தால் 0.7 மீட்டர்தான். ஆட்டம் தொடங்கியபின் அதை நிறுத்தவிடாமல் இழுக்கும் பளு தூரத்தின் வர்க்கத்தில் கூடுகிறது என்பதால், அதே சக்கரம் பின்னால் இருந்தபோது 50 மடங்குக்கு மேல் தொல்லை கொடுத்திருக்கிறது.

ஒரே எச்சரிக்கை. உங்கள் ஜீப்பின் பின்கதவில் அதனுடைய ஸ்டெப்னி இருக்கும். கொண்டை ஊசி வளைவில் ஜீப்பின் மூலை டிரெய்லரை நெருங்கிவரும். தாங்கியைப் பற்றவைப்பதற்கு முன் காலி மைதானத்தில் இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, மிக நெருங்கும் இடத்திலும் ஒரு சாண் இடைவெளி இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

சங்ககிரி ஓட்டுநர் எழுதியது:

தங்கச்சி சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். தரை இடைவெளியை நான் யோசிக்கவில்லை.

எங்கே மாட்டினாலும் சரி, மாட்டியதும் மறந்துவிடுவதுதான் ஸ்டெப்னிக்கு நேரும் பெரிய கேடு. தம்பி, தாங்கியை விட்டுவிட்டு அந்த டயரைப் படித்துப் பார்த்தீர்களா? பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. அளவை எழுதிய பிறகு வரும் எண் பாரக் குறியீடு. இரண்டையும் எழுதுங்கள். (ஸ்டெப்னி என்ற பெயரே வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் 1904 வாக்கில் தொடங்கிய ஒரு சக்கர நிறுவனத்தின் பெயர். அந்த ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. அங்கே மறந்துபோன பெயரை நம் பஞ்சர் கடைகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.)

கோபி வாய்க்கால்கரை எழுதியது:

அண்ணா, படித்துப் பார்த்தேன். ஓடும் டயர்கள் இரண்டிலும் பாரக் குறியீடு 88. ஸ்டெப்னியில் 75. நான்கு இலக்கம் 2315.

சங்ககிரி ஓட்டுநர் எழுதியது:

88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 75 என்றால் 387 கிலோ மட்டுமே. உங்கள் 950 கிலோவில் ஹிட்ச் 109 கிலோவை எடுத்துக்கொண்டால், மீதி 841ஐ இரண்டு சக்கரம் பங்கிட வேண்டும், ஒன்றுக்கு 420. அந்த ஸ்டெப்னியை மாட்டி ஓட்டியிருந்தால் முதல் நாளிலேயே அளவுக்கு மீறிய பாரம். மேலும் அது 2015ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் (தரையில் படும் வரிகள்) முழுசாக இருக்கலாம், ஆனால் வெயிலில் நின்ற ரப்பர் உள்ளுக்குள் காய்ந்துபோயிருக்கும். தயவுசெய்து அதை மாற்றுங்கள். அளவு, பாரக் குறியீடு, டிஸ்க்கின் நட்டுத்துளை வட்டம், உள்வாங்கல் (ஆஃப்செட்) நான்கும் ஓடும் சக்கரத்தோடு ஒத்திருக்க வேண்டும்.

புதியதை வாங்கியபின் செய்ய வேண்டியவை அதிகமில்லை. வால்வு வெளிப்பக்கம் பார்க்கும்படி மாட்டுங்கள்; சக்கரத்தைக் கழற்றாமல் காற்றுப் பார்க்க முடியாவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள், இது மனித இயல்பு. நிற்கும் டயரும் மாதம் ஒரு பவுண்டு (பி.எஸ்.ஐ.) அளவுக்குக் காற்றழுத்தத்தை இழக்கும். ஆகவே டயரில் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாமல் ஓடும் டயரைவிட இரண்டு பவுண்டு கூடுதலாக வைத்து, மாதம் ஒருமுறை பாருங்கள். வெயில் படாத உறை போடுங்கள், ஆனால் அடியில் நீர் வடியத் துளை இருக்கட்டும். தாங்கியின் குழாய்களிலும் தாழ்ந்த முனையில் ஒரு துளை வேண்டும். மழைநீர் தேங்கிய சதுரக்குழாய் உள்ளிருந்து அரித்துப்போவதை நான் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நட்டுகளை முழுவதும் கழற்றி, தாங்கியின் திருகாணிகளுக்கு மட்டும் கிரீஸ் தொட்டு மாட்டுங்கள். அச்சில் ஓடும் சக்கரத்தின் நட்டுகளுக்குக் கிரீஸ் போடக் கூடாது, இறுக்கம் அளவு தப்பும்.

கடைசியாக, வீட்டு வாசலிலேயே ஒருமுறை சக்கரம் மாற்றிப் பாருங்கள். ஜீப்பின் வீல் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குச் சேருகிறதா, ஜாக்கி சட்டத்துக்கு எட்டுகிறதா என்பது திம்பத்தின் நடு வளைவில் தெரியவேண்டிய செய்தி அல்ல. டிரெய்லரை ஜீப்போடு பூட்டியே வைத்து, எதிர்ச்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டுத் தூக்குங்கள்.

கோபி வாய்க்கால்கரை எழுதியது:

ஐந்து வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். ஏ சட்டத்தின் இரு கைகளுக்கும் குறுக்காகச் சி-சேனல் ஒன்றைப் போல்ட்டுகளால் பூட்டி, அதன் மேல் தாங்கியை நிறுத்தியிருக்கிறோம். மைதானத்தில் திருப்பிப் பார்த்தபோது ஜீப்பின் ஸ்டெப்னிக்கும் இதற்கும் நான்கு விரல்தான் இடைவெளி வந்தது. அதனால் தாங்கியை 12 சென்டிமீட்டர் பின்னுக்கு நகர்த்தி, உயரத்தையும் குறைத்தோம். தண்ணீர்க் கலன் அச்சுக்கு மேல் போய்விட்டது. தராசில் இப்போது 106 கிலோ. பின்பம்பரின் விரிசலைத் தோண்டிப் பற்றவைத்தாகிவிட்டது. அதில் இனி விளக்குகளும் எண் பலகையும் மட்டும்தான். பழைய இடத்தில் டயர் எண் பலகையின் ஒரு மூலையை மறைத்துக்கொண்டிருந்தது என்பதையும் இப்போதுதான் கவனித்தேன்.

வாசலில் சக்கரம் மாற்றிப் பார்த்ததில் ஜீப்பின் ஸ்பேனர் சேரவில்லை. வேறொன்று வாங்கித் தாங்கியிலேயே பூட்டிவைத்திருக்கிறேன்.

நேற்று பல்லடம், தாராபுரம் சாலையில் அதே 70இல் ஓட்டினேன். பக்கக்காற்று நன்றாகவே அடித்தது; டிரெய்லர் நேராக வந்தது. தாங்கியின் போல்ட்டுகளை 80 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, நட்டிலும் தகட்டிலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருந்தேன். 100 கிலோமீட்டர் ஓடியபின் பார்த்தபோது எட்டில் ஏழு கோடுகள் அப்படியே இருந்தன. வலது முன்பக்கத்து ஒன்று மட்டும் ஒரு நெல்மணி அளவுக்கு விலகியிருந்தது. மறுபடி இறுக்கினால் போதுமா?

கோவை பட்டறைக்காரி எழுதியது:

போதாது. அந்த ஒன்றைக் கழற்றி, வாஷருக்கு அடியில் பெயின்ட் தடித்திருக்கிறதா என்று பாருங்கள். பெயின்ட் நசுங்கி இடம்விட்டால் இப்படித்தான் தளரும். வாஷர் உட்காரும் வட்டத்தை மட்டும் இரும்பு தெரியும் வரை சுரண்டி, மெல்லியதாக ஜிங்க் பிரைமர் தொட்டு, புதிய நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள நட்) போட்டு இறுக்குங்கள். பழைய நைலாக் நட்டை மறுபடி பயன்படுத்த வேண்டாம். புதிதாகக் கோடு போட்டு, அடுத்த 100 கிலோமீட்டரில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.